சிரித்ததற்கு ஒரு மெமோ

என் வாய் சும்மா இருக்காது. மதுரை டவுன் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டராக இருக்கிறேன். வாய் சும்மா இருந்தால் அந்த வேலை நடக்காது என்பது என் கட்சி. டிப்போவில் இருப்பவர்கள் வேறு கட்சி. அதனால் என் பேரில் அங்கே இரண்டு புகார்கள் கிடந்தன.

முதல் புகார் ஒரு சாதாரணப் பேச்சால் வந்தது. ஆரப்பாளையத்தில் ஏறிய ஒருவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சிம்மக்கல் வந்துருச்சா, சிம்மக்கல் வந்துருச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறாவது தடவை, "அது வராதுண்ணே, நாமதான் அதுகிட்டப் போகணும்" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது, அவரைத் தவிர. இரண்டாவது புகார், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு மனுஷனால். "உள்ள வாங்க மாப்ள, மாமியார் வீடா இது, வாசல்லயே கூச்சப்பட்டு நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏதோ அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறவராம். பெரிய பொறுப்பில் இருக்கிறவர் படிக்கட்டில் தொங்குவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது புகாருக்குப் பிறகு எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் பஸ்ஸை விட்டு இறக்கி டிப்போவுக்குள் உட்கார வைத்துவிடுவார்களாம். டிப்போவுக்குள் என்றால் டயரை எண்ணுவது, பழைய சீட்டை எண்ணுவது, மற்றவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போவதை வேடிக்கை பார்ப்பது. எனக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்தாலும் பிடிக்காது. அந்தக் கடிதத்தை வாங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் என் டிரைவர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அவரும் நானும் ஒரே வண்டியில் பதினோரு வருஷமாக ஓடுகிறோம். "மாப்ள, வார்த்தை வரும்போல இருந்தா விசிலைக் கடி. வாயில விசில் இருக்கயில வார்த்தை எப்பிடி வெளிய வரும்?" என்றார். விசிலைப் பல்லில் கவ்வுவது எங்களுக்குப் புதிதல்ல. ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கையில் மேல்கம்பி என்று நிற்பவனுக்கு மூன்றாவது கை வாய்தான். ஆனால் அன்றிலிருந்து நான் அதை ஊதுவதற்காகக் கவ்வவில்லை, பேசாமல் இருப்பதற்காகக் கவ்வினேன். யாராவது குதர்க்கமாக ஒன்று கேட்டால் நறுக்கென்று பதில் நாக்கு நுனிக்கு வரும், உடனே விசிலைக் கடிப்பேன். ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. ஒரு புகார் கூட வரவில்லை. மாதத்துக்கு ஒரு விசில் மாற்றினேன். "விசிலை ஊதச் சொன்னா திங்கிறியே மாப்ள" என்று அண்ணன் கேலி செய்வார்.

தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் நெற்றிப்பொட்டில் வலித்தது, பிறகு காதுக்குள் குடைந்தது. காதுக்குப் பார்த்தேன், காதில் ஒன்றும் இல்லை என்றார்கள். கண்ணுக்குப் பார்த்தேன், கண்ணாடி கொடுத்தார்கள், வலி கண்ணாடி போட்டுக்கொண்டு வலித்தது. கடைவாயில் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், அந்தப் பல் பாவம் ஒரு தப்பும் செய்யாதது. தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று என் வீட்டுக்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். "வயித்துல பூச்சி இருக்கும்" என்று பூச்சி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தாள். ஐம்பத்தி நாலு வயசில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பூச்சி மாத்திரை சாப்பிட்டேன். பூச்சி போச்சோ என்னவோ, கடிப்பது போகவில்லை. இரண்டு பக்கமும் தாடை மட்டும் புடைத்துக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் எல்லாம், "என்னண்ணே, நல்லா ஊட்டமா ஆயிட்டீக" என்றார்கள்.

கடைசியில் இட்லி சாப்பிடும்போது ஒரு கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்தது. கறி எலும்பு கடித்துப் பல் போனவர்கள் மதுரையில் ஆயிரம் பேர் இருப்பார்கள். இட்லியில் பல் போனவன் நான் ஒருத்தன்தான்.

டியூட்டி முடிந்து அப்படியே யூனிஃபார்மோடு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசு அம்மா. வாயைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், தாடையை அமுக்கிப் பார்த்தார்.

"ஏதாவது கடிக்கிற பழக்கம் உண்டா சார்? நகம், பென்சில், பாக்கு?"

"ஒன்னும் கிடையாது மேடம். வெத்தலை கூடப் போடுறதில்லை."

அவர் என் கழுத்தில் தொங்கிய விசிலை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு பள்ளம், என் பல் அளவுக்கு. "அப்ப இது என்ன?" என்றார். சத்தியமாக எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. விசிலைக் கடிப்பதை ஒரு பழக்கம் என்று எந்தக் கண்டக்டரும் கணக்கில் சேர்க்க மாட்டான், மூச்சு விடுவதைச் சேர்ப்பானா?

முதலில் பல்லுக்கு ஒரு உறை செய்து கொடுத்தார். தூங்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்தில் அதையும் கடித்து ஓட்டை போட்டேன். அதற்குப் பிறகுதான் ஊசியைப் பற்றிச் சொன்னார். தாடைச் சதை வேலை செய்து செய்து இறுகிப் போயிருக்கிறது, அந்தச் சதையிலேயே ஊசி போட்டால் கொஞ்சம் தளரும், கடிக்கிற வேகம் குறையும், மூன்று நாலு மாதம் தாங்கும், அதற்குள் நான் விசிலை விட்டுப் பழக வேண்டும் என்றார். மருந்து என்ன மருந்து என்று கேட்டேன். ஒரு கிருமி உண்டாக்குகிற விஷம், ரொம்பக் கொஞ்சமாகப் போடுவதால் பயமில்லை என்றார். வீட்டில் வந்து இதைச் சொன்னதுதான் தாமதம், "பல்லைக் கடிச்சதுக்கு விஷ ஊசியா? அப்பிடி என்ன கொலைக் குத்தம் பண்ணிட்டீங்க?" என்று என் வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். ஆனாலும் போகச் சொன்னவளும் அவள்தான். என் தலைவலியால் அவளுக்கும் பல வருஷமாக நிம்மதி இல்லை.

ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர், "எவ்வளவு முடியுமோ அவ்வளவு கடிங்க" என்றார். கடித்தேன். தாடையில் சதை எங்கெங்கே துருத்துகிறதோ அங்கெல்லாம் பேனாவால் புள்ளி வைத்தார், பக்கத்துக்கு ஐந்து. "கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார். எறும்பு கடித்த மாதிரி பத்துக் குத்து, அவ்வளவுதான் ஊசி. நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, இன்றைக்கு முழுக்கக் கன்னத்தைத் தேய்க்கக் கூடாது, அமுக்கக் கூடாது, மருந்து பக்கத்துச் சதைக்குப் பரவிவிடும் என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு லீவு. லீவு நாளில் எனக்கு வீட்டுக்கு நேராகப் போய்ப் பழக்கமில்லை. ஆரப்பாளையத்தில் இறங்கி எப்போதும் போகிற சலூனுக்குப் போனேன். முடியை வெட்டி முடித்ததும், சலூன்காரர் எப்போதும் போல என் தலையைப் பின்னால் சாய்த்து, கன்னத்தில் க்ரீமைத் தடவி, பத்து விரலாலும் தேய்க்க ஆரம்பித்தார். எனக்குக் கண் சொக்கியது. "என்னண்ணே, தாடை இம்புட்டு இறுகிக் கெடக்கு" என்று அந்த இடத்தையே இன்னும் நாலு தேய்ப்புத் தேய்த்தார். டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நீங்கள் தேய்க்காதீர்கள் என்றார், நான் தேய்க்கவில்லை, சலூன்காரர்தானே தேய்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்படியும் ஒரு மடையன் உண்டா என்று யாரும் கேட்கலாம். கேட்டுவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் தலைவலி போனது. குறைந்தது என்று சொல்லவில்லை, போனது. காலையில் எழுந்ததும் தலை லேசாக இருந்தது, ஏதோ குறைகிற மாதிரி தேடிப் பார்த்தேன். பரோட்டாவைப் பாதியில் வைக்க வேண்டியிருந்தது, மெல்ல மெல்லத் தாடை களைத்துப் போனது. அதனால் என்ன, சால்னாவில் ஊறப் போட்டுத் தின்றேன். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஊத வேண்டிய நேரத்துக்கு மட்டும் எடுத்து உதட்டில் வைத்தேன். வாய் காலியாக இருந்ததால் எங்கே பழைய வார்த்தைகள் எல்லாம் வந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் தலைவலி இல்லாத மனுஷனுக்குக் கோபமும் அவ்வளவு வரவில்லை. ஒருவர் வந்து, "சிம்மக்கல் வந்தாச் சொல்லுங்க" என்றார். "சொல்றேண்ணே" என்று சொல்லி, சொல்லவும் செய்தேன்.

இந்தச் சமயத்தில் ஒரு நாள் என் வீட்டுக்காரி, "என்ன நக்கலாச் சிரிக்கிறீங்க?" என்றாள். நான் அவள் வைத்த குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்திருந்தேன். "நக்கல் இல்லடி" என்றேன். "உங்க மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா" என்று கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். சண்டைக்கு ஏதோ காரணம் தேடுகிறாள் என்று விட்டுவிட்டேன். கண்ணாடியைப் பார்த்திருக்கலாம்.

எங்கள் வண்டியின் முதல் டிரிப்பில் கோச்சடைக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு அக்கா ஏறுவார். அறுபது வயசு இருக்கும். வாழை இலைக்கட்டுத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போகிறவர். கட்டைப் பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதற்குக் காவல் மாதிரி கடைசி சீட்டில் உட்காருவார். எனக்கும் அவருக்கும் தினம் ஒரு தகராறு. கட்டை வழியில் வைக்காதீர்கள் என்பேன், உன் தலையிலயா வைக்க என்பார். பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, ஆனாலும் டிக்கெட் கொடுக்க வேண்டும். அதை நீட்டினால், "காசில்லாததுக்குச் சீட்டு எதுக்கு, இத வச்சு இலை கட்டவா" என்பார். நான் விசிலைக் கடித்துக்கொண்டு நகர்வேன். "விசிலை வாயில வச்சுக்கிட்டு என்னையத் திட்டுற, எனக்குத் தெரியும்" என்று பின்னாலேயே குரல் வரும். எனக்கு அந்த அக்காவைப் பிடிக்கும். சொன்னதில்லை.

எனக்கு ஊசி போட்ட வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று அதே நிறுத்தத்தில் ஏறுகிற ஒரு ஆள் சொன்னார். டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த நிறுத்தத்தில் யாரும் நிற்காத அன்றைக்கும் அவர் வண்டியை மெதுவாகத்தான் கொண்டுபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பதினேழாம் நாள் அந்த அக்கா ஏறினார். நெற்றியில் பொட்டில்லை, தலையில் பூவில்லை, கழுத்து வெறுமையாக இருந்தது. இலைக்கட்டு மட்டும் பழைய அளவுக்கு இருந்தது. கட்டை நானே வாங்கி உள்ளே வைத்தேன். துக்கம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் எப்படி? வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில், நாற்பது பேருக்கு நடுவில், கையில் டிக்கெட் மெஷினோடு எப்படிக் கேட்பது? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற என் வாயில் ஒரு வார்த்தை கூட வரவில்லை. அதனால் அவர் முகத்தைப் பார்த்து, இருக்கிறேன் அக்கா என்கிற மாதிரி, லேசாகச் சிரித்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. டிக்கெட்டை வாங்கவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே கட்டை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எனக்கு மெமோ வந்தது. புகாரின் நகல் அதோடு இருந்தது. அக்காவுக்கு எழுதத் தெரியாது, யாரையோ வைத்து எழுதியிருந்தார். "என் கணவர் இறந்த பிறகு முதல் முறையாக வேலைக்குப் போகப் பேருந்தில் ஏறினேன். முதல் டிரிப்பில் தாலியறுத்தவள் ஏறுகிறாளே என்று நடத்துனர் என் நெற்றியைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தார்." கடைசி வரியில், இவரை வண்டியில் வைத்திருக்கக் கூடாது என்று இருந்தது.

பேசியதற்கு இரண்டு புகார் வாங்கியவன், பேசாமல் இருந்ததற்கு மூன்றாவது வாங்கினேன். ஆனால் வேலை போகப்போகிறது என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. அந்த அக்கா என்னை அப்படி நினைத்துவிட்டாரே என்பதுதான் முதலில். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். வலது பக்க உதடு மேலே போனது, இடது பக்கம் அசையாமல் கிடந்தது. பார்ப்பதற்கு எவனையோ கேவலப்படுத்துகிற சிரிப்பு. என்னைப் பார்த்து எவனாவது இப்படிச் சிரித்தால் நான் சும்மா விட மாட்டேன். பின்னால் நின்று பார்த்த என் வீட்டுக்காரி, "ஐயோ, வாதம்" என்று தலையில் கை வைத்தாள்.

வாதம் இல்லை. ஊசி மருந்து சிரிக்கிற சதைக்குப் பரவியிருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்ட அன்று தேய்த்தீர்களா என்று கேட்டார். சலூன் கதையைச் சொன்னேன். "அதனாலயும் இருக்கலாம், தானாவும் பரவியிருக்கலாம். ரெண்டு மூணு மாசத்துல சரியாயிரும்" என்று சொல்லி ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். மெமோவுக்கு ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சதைக்கு யார் சொல்வது?

விசாரணை அன்று மேலாளர் அறையில் அந்த அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. சாட்சி என்று டிரைவர் அண்ணன் கதவோரமாக நின்றார். மேலாளர் டாக்டரின் சான்றை இரண்டு தடவை படித்தார்.

"இது அழகுக்குப் போடுற ஊசின்னு என் மக சொல்றா. உங்களுக்கு எதுக்குங்க?"

"எனக்குப் பல்லுக்குப் போட்டது சார்."

"ஊசி போட்டா சிரிப்பு கோணுமா?"

அண்ணன் குறுக்கே வந்தார். "சார், இந்தாளு ஒம்பது வருசமா வண்டியில சிரிச்சதே இல்ல. எந்நேரமும் வாயில விசிலு. எத வச்சுச் சிரிப்பாரு?"

"அப்ப அன்னைக்கு மட்டும் எதுக்குச் சிரிச்சாரு?" என்றார் மேலாளர். நியாயமான கேள்வி. பிறகு என்னைப் பார்த்து, "சரி, எப்படிச் சிரிச்சீங்க, சிரிச்சுக் காட்டுங்க" என்றார்.

அந்த அக்காவும் சேர்த்து மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். என்னால் முடியவில்லை. வேலைக்காக ஒரு மனுஷன் என்னென்னவோ செய்வான், கோணல் சிரிப்பைக் கூடச் சிரித்துக் காட்டுவான். ஆனால் அந்த அக்காவுக்கு முன்னால் அந்தச் சிரிப்பை இரண்டாவது தடவை எப்படிச் சிரிப்பது? மேலாளரை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"எனக்குப் பேசத் தெரியலக்கா. வண்டியில வச்சு உங்க வீட்டுக்காரரு எப்பிடி எறந்தாருன்னு கேக்க முடியுமா? நீங்க வராத நாளெல்லாம் அந்தக் கடைசி சீட்டுல யார் உக்காந்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கட்டு வைக்கிற எடம் காலியாக் கெடந்துச்சு. என்னைத் திட்ட ஆளில்ல. நான் துக்கம் கேட்டேங்க்கா. வாய் இப்பிடிப் போயிருச்சு."

அழக்கூடாது என்று உதட்டை இறுக்கினேன். அதற்கும் என் வாய் ஒத்துழைக்கவில்லை, வலது பக்கம் மட்டும் மேலே ஏறியது. கண்ணில் தண்ணீர், உதட்டில் அதே இளக்காரம்.

அக்கா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, மார்க்கெட்டில் இலையில் கிழிசல் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் போச்சா?"

"ஆமாக்கா."

அவர் மேலாளரிடம் போய், "அந்தப் பேப்பரக் குடுங்கய்யா" என்றார். பதிவு செய்த புகாரைத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் இன்னொன்று எழுதிக் கொடுங்கள் என்றார் மேலாளர். அக்கா வெள்ளைத் தாளை வாங்கி என் முன்னால் வைத்தார்.

"எனக்கு எழுதத் தெரியாது. நீயே எழுது, நான் சொல்றேன்."

"புகார் யார் பேர்ல இருக்கோ அவரே எழுதக் கூடாதும்மா" என்று மேலாளர் ஆரம்பித்தார். "கைநாட்டு என்னுது தானய்யா" என்றார் அக்கா. மேலாளர் பேனாவைத் தள்ளினார்.

அக்கா நின்றபடியே சொன்னார், நான் எழுதினேன். "என் வீட்டுக்காரர் செத்ததுக்கு சாதிசனம் வந்துச்சு, தெருவுல வந்தாக. வண்டியில தெனம் பாக்குற சனத்துல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. கண்டக்டர் ஒருத்தர்தான் கேட்டாரு. எனக்குத்தான் வெளங்கல." அவர் பேசியது பேசியபடியே எழுதினேன். கடைசி வரி மட்டும் கோணலாகப் போனது. அக்கா பெருவிரலை மையில் அமுக்கி வைத்தார். மேலாளர் அதை வாங்கிக் கோப்பில் சேர்த்து, "நாளைக்கு டியூட்டிக்கு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் அந்த அக்காவைப் பார்த்தேன். என் உதடு அசைவதை அவர் பார்த்துவிட்டார்.

"சிரிச்சுத் தொலைக்காத" என்றார். "தலைய மட்டும் ஆட்டு, போதும்."

ஆட்டினேன்.